பக்ஸ் பன்னி எடுத்த பாட்டு கிளாஸ்

உங்களுக்கு ஓபரா தெரியும். சத்தியமாகத் தெரியும். ‘யாருக்கு, எனக்கா? போன செமஸ்டர் அரியரே இன்னும் கிளியர் ஆகலை, இதுல ஓபரா வேறயா?’ என்று நழுவாதீங்க. சர்ச்சில் கல்யாணம் நடக்கும்போது மணப்பெண் உள்ளே வரும் நேரத்தில் ஆர்கனில் ஒரு டியூன் வாசிப்பார்களே, நிதானமா, கம்பீரமா... அது ‘லோஹன்கிரின்’ என்ற ஓபராவில் வருவது. 1850-ல் மேடையேறியது. ரிச்சர்ட் வாக்னர் என்ற ஜெர்மானியர் போட்டது. (அந்த ஓபராவில் அந்தக் கல்யாணம் முதலிரவு அறையிலேயே புட்டுக்கொள்கிறது. எந்த மணப்பெண்ணிடமும் இதைச் சொல்லிவிடாதீங்க!)

கல்யாணத்துக்கே போகாதவரா? சரி. சின்ன வயசில் ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்திருக்கீங்களா? போதும். டாம் பூனை தலைதெறிக்க ஓடும்போதும், பக்ஸ் பன்னி முயல் கேரட் கடித்தபடி வம்பு இழுக்கும்போதும், பின்னால் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கா? அதில் பாதி நேரம் ரோஸ்ஸினி, வாக்னர், ஸ்ட்ராஸ் என்று பெரிய பெரிய ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். நாம் கவனிக்கவில்லை. ஆனால் காது கவனித்துவிட்டது.

ஓபரா என்றால் ரொம்பப் பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ‘வள்ளி திருமணம்’ நாடகம் மாதிரி பாட்டிலேயே கதை சொல்வது. கோபம் வந்தாலும் பாட்டு, காதல் வந்தாலும் பாட்டு, கத்திக்குத்து வாங்கி விழுந்தாலும் எழுந்து பத்து நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாவார்கள். மைக் கிடையாது. அறுபது, எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். எல்லாமே கொஞ்சம் ஓவராக இருக்கும். கார்ட்டூனும் அப்படித்தானே? பயந்தால் கண் ரெண்டும் வெளியே வந்து விழும். காதல் வந்தால் இதயம் சட்டையைக் கிழித்துக்கொண்டு துடிக்கும். ரெண்டுமே ஓவர் ஆக்டிங் கேஸ்தான். ஜோடி சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

சேர்த்து வைத்த புரோக்கர்கள் யார் தெரியுமா? ஊமைப்பட காலத்து தியேட்டர் வாத்தியக்காரர்கள். படத்தில் சத்தம் இல்லாததால் அமெரிக்க தியேட்டர்களில் ஒருவர் உட்கார்ந்து ஆர்கனோ பியானோவோ வாசிப்பார். திரையில் குதிரை ஓடினால் ஒன்று, புயலடித்தால் ஒன்று, காதலுக்கு ஒன்று. எர்னோ ராப்பே என்பவர் 1924-ல் இதற்கென்றே ஒரு தடிமனான புத்தகம் போட்டார். எந்த மூடுக்கு எந்தப் பக்கம் என்று ஓரத்திலேயே அட்டவணை. வாசித்துக்கொண்டே ‘டக்’கென்று புரட்டிக்கொள்ளலாம். நம் எக்ஸாம் கைடு மாதிரியேதான். அந்த உலகத்தில் ஓபரா இசை தாராளமாகப் புழங்கியது. காரணம் சிம்பிள். ரோஸ்ஸினி 1868-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், வாக்னர் 1883-ல். ராயல்டி கேட்டு யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.

கன்சாஸ் சிட்டியில் அப்படி தியேட்டரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் கார்ல் ஸ்டாலிங். வால்ட் டிஸ்னிக்கு அங்கேயே பழக்கமானவர். பேசும்படம் வந்ததும் டிஸ்னிக்கு இசையமைத்துவிட்டு, 1936-ல் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் கூடத்துக்குப் போனார். 1958 வரைக்கும் அங்கேயே இருந்தார். 600-க்கும் மேற்பட்ட கார்ட்டூன்களுக்கு இசை. மண்டைக்குள் மொத்த ஐரோப்பாவும் இருந்தது. கூப்பிட்டால் வரும்.

இப்போ அந்த ஆளின் ஒரு படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘ராபிட் ஆஃப் செவில்’. 1950. இயக்கம் சக் ஜோன்ஸ். வேட்டைக்காரர் எல்மர் ஃபட் வழக்கம்போல் துப்பாக்கியோடு துரத்துகிறார். பக்ஸ் பன்னி வழக்கம்போல் ஓடுகிறது. ரெண்டு பேரும் ஒரு திறந்தவெளி அரங்கின் பின்பக்கம் வழியாக மேடைக்குள் புகுந்துவிடுகிறார்கள். திரை தூக்கியாச்சு. அன்றைக்கு அங்கே நடக்க வேண்டியது ரோஸ்ஸினியின் ‘தி பார்பர் ஆஃப் செவில்’. ஆர்க்கெஸ்ட்ரா ‘ஓவர்ச்சர்’ வாசிக்கத் தொடங்குகிறது. ஓவர்ச்சர் என்றால் கதை தொடங்கும் முன்னால் வாசிக்கும் முன்னிசை. அங்கிருந்து கிட்டத்தட்ட படம் முடிகிறவரைக்கும் ஓடுவது அந்த ஒரே ஓவர்ச்சர்தான். பேச்சு ரொம்பக் கம்மி. பக்ஸ் முடிதிருத்துபவர், எல்மர் கஸ்டமர். மொட்டைத் தலைக்கு மசாஜ் நடக்கிறது. கையால் மட்டுமா? காலாலும்! ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விரல் இறங்குகிறது. தலையில் உரம் தூவினால் பூச்செடி முளைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ரோஸ்ஸினிக்கு ஒரு டிரேட்மார்க் உண்டு. ஒரே வரியை மறுபடி மறுபடி வாசிக்க வைப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியம் கூடும், சத்தம் ஏறும், பதற்றம் ஏறும். ‘கிரெஷெண்டோ’ என்பார்கள். அதற்குச் சரியாக இந்த கார்ட்டூனில் என்ன செய்தார்கள் தெரியுமா? சலூன் நாற்காலியை ஏற்றினார்கள். இவர் நாற்காலி ஏறுகிறது, அவர் நாற்காலி ஏறுகிறது, மேடையின் கூரை வரைக்கும் போட்டி போட்டு ஏறுகிறது. அப்புறம் ஆயுதம். இவர் கோடாரி எடுத்தால் அவர் அதைவிடப் பெரிய கோடாரி. இவர் துப்பாக்கி, அவர் பீரங்கி. ரோஸ்ஸினி காதுக்குச் செய்ததை இவர்கள் கண்ணுக்குச் செய்தார்கள். ஒரு மியூசிக் புரொஃபசர் மூன்று பீரியட் எடுத்துப் புரியவைக்க வேண்டியது, ஏழரை நிமிஷத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிடுகிறது.

சரி, ரோஸ்ஸினி பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஏனென்றால் அந்த ஓவர்ச்சரே ஒரு செகண்ட் ஹேண்ட் சரக்கு. 1813-ல் ரோமானியச் சக்கரவர்த்தி பற்றிய சீரியஸான ஒரு ஓபராவுக்கு எழுதினார். 1815-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் பற்றிய ஓபராவுக்கு அதையே எடுத்து ஒட்டினார். 1816-ல் ‘பார்பர்’ காமெடிக்கு மறுபடியும் அதே! அசைன்மெண்ட்டில் நாம் செய்யும் கட்-அண்ட்-பேஸ்ட்டை அவர் 200 வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார். ரோமில் அதன் முதல் நாள் ஷோ மகா ஃபிளாப். கூச்சல், விசில். நடுவில் ஒரு பூனை வேறு மேடைக்கு வந்துவிட்டதாகச் சொல்வார்கள். முதல் நாளே பூனை வந்த நாடகத்துக்குப் பிற்பாடு முயல் வந்தால் என்ன குறைந்துவிடும்?

இதே ‘பார்பர்’ ஓபராவில் ஃபிகரோ என்ற முடிதிருத்துபவர் மேடைக்கு வந்ததும் ஒரு பாட்டு பாடுவார். ஊரே என்னைத்தான் கூப்பிடுது, எல்லாத்துக்கும் நான்தான் வேணும் என்று தன் பெயரைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லி, மூச்சு விடாமல், போகப்போக வேகமாக... கார்ட்டூன்காரர்கள் இந்தப் பாட்டை விட்டபாடில்லை. 1948-ல் சில்வெஸ்டர் பூனை இதைப் பாடி எல்மரின் தூக்கத்தைக் கெடுத்தது. 1952-ல் டெக்ஸ் ஏவரியின் ‘மேஜிகல் மேஸ்ட்ரோ’வில் ஒரு நாய் பாடியது. 1964-ல் டாம் கோட்டு சூட்டு போட்டுப் பாட, மேடைக்கு அடியில் குடியிருக்கும் ஜெர்ரி தூங்க முடியாமல் தவித்தது. நீங்கள் இந்தப் பாட்டை நிச்சயம் கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

‘மேஜிகல் மேஸ்ட்ரோ’ பற்றி ஒரு வார்த்தை. பாட்டு நடுவே திரையின் ஓரத்தில் ஒரு முடி நெளியும். புரொஜெக்டரில் மாட்டிக்கொண்ட முடி என்று தியேட்டரில் எல்லோரும் எரிச்சலாகும் நேரத்தில், பாடிக்கொண்டிருக்கும் நாயே அந்த முடியைப் பிடுங்கி எறியும். கில்லாடி ஐடியா! ஆனால் அதே படத்தில் கறுப்பினத்தவரையும் சீனர்களையும் கேவலமாகக் காட்டும் இடங்களும் இருக்கின்றன. டி.வி.யில் அவற்றை வெட்டிவிட்டுப் போட்டார்கள். 1993-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட படம் அது. பெருமையும் அசிங்கமும் ஒரே ரீலில் இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

இதையெல்லாம் ‘பணக்காரர்களின் இசையைக் கலாய்த்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் சிலர். பாதி உண்மை. 1949-ல் வந்த ‘லாங்-ஹேர்டு ஹேர்’ பாருங்கள். ஜியோவன்னி ஜோன்ஸ் என்று ஒரு ஓபரா பாடகர். பக்கத்தில் பக்ஸ் பாட்டுக்கு பாஞ்ஜோ வாசித்துக்கொண்டிருக்கிறது. பாடகருக்கு இடைஞ்சலாம். பாஞ்ஜோவைப் பிடுங்கி உடைக்கிறார். பக்ஸ் யாழை எடுத்தால் அதையும் ஒழிக்கிறார். சங்கீதம் என்றால் என் சங்கீதம் மட்டும்தான் என்கிற திமிர். அதற்குத்தான் அடி. அன்றைக்கு ராத்திரி ஹாலிவுட் பௌல் அரங்கில் அவர் கச்சேரி. வெள்ளை விக் வைத்துக்கொண்டு கண்டக்டராக வந்து நிற்கிறது பக்ஸ். அது லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி என்ற நிஜ கண்டக்டரின் வேஷம். அவர் கையில் குச்சி இல்லாமல் வெறும் கையால் நடத்துவதில் பிரபலம். அதனால் முயலும் குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறது. ‘பிடி, அந்த உச்ச ஸ்வரத்தை விடாதே!’ என்று சைகை. பாடகர் முகம் சிவக்கிறது, நீலமாகிறது. முயல் கையுறையை மட்டும் அந்தரத்தில் விட்டுவிட்டு, காதை அடைத்துக்கொள்ள தபாலில் ஆர்டர் கொடுக்கப் போய்விடுகிறது. கையுறை தொங்குகிறது. மனுஷன் நிறுத்தவில்லை. கடைசியில் அரங்கமே இடிந்து விழுகிறது.

யோசித்துப் பாருங்க. இந்த ஜோக் எடுபட வேண்டுமென்றால் அந்தக் குரல் நிஜமாகவே நல்ல குரலாக இருக்க வேண்டும். மட்டமாகப் பாடினால் சிரிப்பு வராது, சேனல் மாற்றத்தான் தோன்றும். அதனால் பாட்டிலும் வாசிப்பிலும் அவர்கள் விளையாடவே இல்லை. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு தாளத்துக்கு 12 ஃப்ரேம் என்று வைத்தால் நிமிஷத்துக்கு 120 அடி. முயலின் காது எந்த ஃப்ரேமில் ஆட வேண்டும், எல்மர் எந்த ஃப்ரேமில் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்தார்கள். ஒரு ஃப்ரேம் தவறினால் ஜோக் மொக்கை. முயல் என்ன கூத்தடித்தாலும் ஆர்க்கெஸ்ட்ரா சிரிக்காது. அதனால்தான் நாம் சிரித்தோம்.

டிஸ்னியும் இதே விதியைத்தான் பிடித்துக்கொண்டார். 1940-ல் வந்த ‘ஃபேண்டசியா’வில் நீர்யானைகள் பாலே ஆடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அது போன்கியெல்லி என்பவரின் ‘லா ஜியோகோண்டா’ ஓபராவில், 1876-ல், ஒரு விருந்தில் ஆடும் நடனத்துக்கான இசை. விடியல், பகல், மாலை, இரவு என்று பொழுதுகளின் நடனம். டிஸ்னி அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டார். விடியலுக்கு நெருப்புக்கோழி, பகலுக்கு நீர்யானை, மாலைக்கு யானை, இரவுக்கு முதலை! இந்தக் காட்சிக்கு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியது யார்? அதே ஸ்டோகோவ்ஸ்கி. நிஜமான ஸ்டோகோவ்ஸ்கி.

இப்போ கொஞ்சம் சீரியஸ் ஏரியா. வாக்னர். மகா கலைஞர், மோசமான மனுஷர். யூதர்கள் மீதான வெறுப்பைக் கட்டுரையாகவே எழுதியவர். அவர் இறந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஹிட்லர் அவருடைய பரம ரசிகர். வாக்னரின் ‘வால்கிரிகளின் சவாரி’ என்ற இசை, போர்க்கன்னிகள் குதிரையில் பறந்து வருவதற்காகப் போட்டது. 1915-ல் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ ஊமைப்படத்தில், வெள்ளை இனவெறிக் கும்பலான கு-க்ளக்ஸ்-க்ளான் குதிரையில் வரும் காட்சிக்கு இதைத்தான் வாசித்தார்கள். கேட்டாலே சிலருக்கு முதுகு சில்லிட்டது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

1945 ஜனவரி. போர் முடியவில்லை. ‘ஹெர் மீட்ஸ் ஹேர்’ என்று ஒரு பக்ஸ் பன்னி படம். முயல் வழி தவறி ஜெர்மனிக்குப் போய், ஹிட்லரின் வலதுகை கோரிங்கிடம் மாட்டுகிறது. தப்பிக்க வாக்னரின் நாயகி ப்ரூன்ஹில்டாவாக வேஷம் போட்டு, ஒரு குண்டு வெள்ளைக் குதிரையில் ஆடி அசைந்து வருகிறது. பின்னணியில் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ இசை. எதிரியை அவன் பாட்டாலேயே அடிப்பது. கதை எழுதியவர் மைக்கேல் மால்டீஸ்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அதே மால்டீஸ், அதே முயல், அதே வேஷம், அதே குண்டுக் குதிரை. ஆனால் இந்த முறை இயக்குநர் சக் ஜோன்ஸ், பின்னணி ஓவிய வடிவமைப்பு மாரிஸ் நோபிள், இசை மில்ட் ஃப்ராங்க்ளின். 1957-ல் வந்த ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’ வாக்னரின் ‘ரிங்’ என்பது நாலு ராத்திரி தொடர்ந்து நடக்கும் ஓபரா. மொத்தம் சுமார் 15 மணி நேரம். எழுதி முடிக்க அவருக்கு 26 வருஷம் ஆனது. அதையும் அவருடைய வேறு சில ஓபராக்களையும் பிழிந்து ஏழு நிமிஷத்துக்குள் அடைத்தார்கள். ஸ்டூடியோவில் ஒரு கார்ட்டூனுக்கு அனுமதி 5 வாரம். இதற்குத் தேவைப்பட்டதோ 7 வாரம். என்ன செய்வது? கூடவே எடுத்துக்கொண்டிருந்த ஒரு ரோடு ரன்னர் படத்தின் கணக்கில் அந்த நேரத்தை எழுதிவிட்டோம் என்று பின்னாளில் ஜோன்ஸே சொன்னார். ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்தான். உலகத் தரத்தில்!

படத்தின் ஆரம்பத்தில் மலை மேல் ஒரு ராட்சத நிழல் கையை வீசி இடி மின்னலை ஏவுகிறது. கேமரா கீழே இறங்கினால், நிழலுக்குச் சொந்தக்காரர் குள்ள எல்மர். தலையில் பெரிய கொம்பு வைத்த இரும்புத் தொப்பி. முயல் வளைக்குள் ஈட்டியை விட்டுக் குத்திக்கொண்டே பாடுகிறார், முயலைக் கொல்லப் போகிறேன் என்று. எந்த டியூனில்? ‘வால்கிரிகளின் சவாரி’யில்! க்ளான் கும்பலுக்கு வாசித்த அதே டியூன் ஒரு மழலை நாக்கு வேட்டைக்காரர் வாயில். இனி அதைக் கேட்டு யார் பயப்பட முடியும்? 1979-ல் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் ஹெலிகாப்டர்கள் அதே இசையோடு கிராமத்தைத் தாக்க வந்து மறுபடி பயமுறுத்தின என்பது வேறு கதை. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே அந்த டியூன் என்றால் முயல் ஞாபகம்தான். வாக்னரைத் திட்டி எழுதிய கட்டுரைகள் இதைச் சாதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே படம் பாதியில் திரும்பி நம்மை ஏமாற்றுகிறது. ப்ரூன்ஹில்டா வேஷத்தில் முயல், எல்மரோடு ஆடுகிறது. காதல் டூயட் பாடுகிறது. கிண்டல்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அது கிண்டலாகத் தெரியாமல் போகிறது. இசை அவ்வளவு அழகு, வண்ணங்கள் அவ்வளவு அழகு. தலைக்கவசம் கழன்று நீளக் காது வெளியே தெரிய, எல்மர் கொதித்துப்போய் சூறாவளி, பூகம்பம் என்று எல்லாவற்றையும் முயல் மேல் ஏவுகிறார். கடைசியாகக் கத்திக் கூப்பிடுவது புகைமூட்டத்தை! (லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமே அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. லோக்கல் ஜோக்.) பிறகு பாறையில் முயல் கிடக்கிறது. ஒரு பூவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எல்மர் அழுதுகொண்டே அதைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கிறார். முயல் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்து, ஓபரா என்றால் பின்னே சுபமாகவா முடியும் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடி செத்துப்போகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கேள்விக்கு முந்தைய சில விநாடிகள் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. எனக்கு மட்டுமில்லை போல. அனிமேஷன்காரர்களிடமே ஓட்டெடுத்து 1994-ல் வெளியான ‘50 சிறந்த கார்ட்டூன்கள்’ புத்தகத்தில் இதற்குத்தான் முதல் இடம். தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது நுழைந்தது, 1992-ல்.

காமெடிக்காகப் போட்ட விதை எங்கெங்கோ முளைத்திருக்கிறது. 1990-ல் ‘பக்ஸ் பன்னி ஆன் பிராட்வே’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். திரையில் கார்ட்டூன் ஓட, கீழே நிஜ ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும். பெரிய பெரிய சிம்பொனி அரங்குகளிலேயே நடந்தது. முயலை உள்ளே விடாத வாசலில் முயலுக்கே மாலை! ஓபரா இல்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாம் பியானோ வாசிக்க, உள்ளே தூங்கும் ஜெர்ரி எழுந்து ரகளை செய்யும் ‘தி கேட் கான்சர்ட்டோ’வை சீனாவின் ஷென்யாங் நகரத்தில் ஒரு குழந்தை இரண்டு வயதில் டி.வி.யில் பார்த்தது. பியானோ வேண்டும் என்று ஆசைப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயர் லாங் லாங். இன்றைக்கு உலகின் மிகப் பிரபலமான பியானோ கலைஞர்களில் ஒருவர்.

கடைசியாக ஒரு படம். யாரும் அதிகம் பேசாத படம். கார்ட்டூனில் யாரும் சாக மாட்டார்கள். மலையிலிருந்து விழுந்தாலும் அப்பளமாகி, உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஓபராவில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போவார்கள். பக்ஸ் பன்னி அந்த விதியை ஒரு கேள்வியால் ஏமாற்றிவிட்டது. 1946-ல் டிஸ்னி ஏமாற்றவில்லை. ‘மேக் மைன் மியூசிக்’ என்ற தொகுப்புப் படத்தில் வில்லி என்று ஒரு திமிங்கலம் வருகிறது. கடலில் தனியாகப் பாடும். டெனர், பாரிடோன், பேஸ் மூன்று குரலும் அதற்கு ஒரே தொண்டையில் உண்டு. எல்லாக் குரலும், கதை சொல்லும் குரல் உட்பட, நெல்சன் எடி என்ற ஒரே பாடகருடையது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாட வேண்டும் என்பது வில்லியின் கனவு. விஷயம் கேள்விப்பட்ட ஒரு பேராசிரியர், இந்தத் திமிங்கலம் யாரோ ஒரு பாடகரை விழுங்கிவிட்டது, அவரை மீட்க வேண்டும் என்று கப்பலில் கிளம்புகிறார். ஒரு விலங்குக்குப் பாட்டு வரும் என்று அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. வில்லியோ, தன்னைக் கண்டுபிடிக்க ஆள் வந்துவிட்டது என்று சந்தோஷமாக எதிரே நீந்தி வந்து பாடுகிறது. மாலுமிகள் சொக்கிப்போகிறார்கள். அவரைத் தடுக்கிறார்கள். அவர் எப்படியோ ஈட்டியை எய்துவிடுகிறார்.

வில்லி எழுந்திருக்கவில்லை. கதை சொல்பவர் நமக்குச் சமாதானம் சொல்கிறார். மேலே மேகங்களுக்கு நடுவில் இப்போது நூறு குரலில் பாடிக்கொண்டிருக்கிறதாம். திரை மூடும்போது சொர்க்கத்தின் வாசல் தெரிகிறது. அதில் ஒரு போர்டு தொங்குகிறது. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம்.